நோட்டை நிறுத்தினீர், நாணயம் எங்கே?

"சரியான சில்லறை இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு" என்கிறார் கண்டக்டர். "மீதியைத் தராமல் ஏய்க்கப் பார்க்கிறாயா?" என்று சீறுகிறார் பயணி. பாக்கி ஒரு ரூபாயை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுக்கிறார் கண்டக்டர். இறங்கும் அவசரத்தில் பயணி அதை மறக்கிறார், மறக்காதவர் கேட்கிறார், கேட்டால் வாய்ச்சண்டை. அதிகாலையில் ஆலைக்குப் போகும் ஒரு தொழிலாளியும், அவரை ஏற்றிச் செல்லும் மற்றொரு தொழிலாளியும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள். எதற்காக? டில்லியில் யாரோ போட்ட ஒரு கையெழுத்துக்காக!

ஆம், கையெழுத்துத்தான். 1994 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு அச்சடிப்பது நிறுத்தப்பட்டது. 1995 பிப்ரவரியில் இரண்டு ரூபாய் நோட்டு நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து ரூபாய் நோட்டும் நின்றது. ஓராண்டுக்குள் ஏழையின் மடியில் இருந்த மூன்று நோட்டுகளுக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். இவற்றின் இடத்தில் இனி நாணயம் வரும் என்றார்கள்.

சொன்ன காரணம் தவறானதன்று. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சிறு நோட்டு கைமாறிக் கைமாறி ஓராண்டுக்குள் கந்தலாகி விடுகிறது. மீன் கூடையில் நனைகிறது, பூக்காரியின் சுருக்குப் பையில் மடங்கிக் கிழிகிறது. நாணயமோ பல்லாண்டு உழைக்கிறது. அச்சடிக்கும் செலவுக்கும் நோட்டின் ஆயுளுக்கும் பொருத்தமில்லை என்று ரிசர்வ் பாங்கி போட்ட கணக்கை நாமும் ஒப்புக்கொள்கிறோம். நாணயத்துக்கு நாம் பகைவரல்லர்.

நம் வழக்கு வேறு. புதுக் கிணற்றில் நீர் ஊறுவதற்கு முன்பே பழைய கிணற்றைத் தூர்ப்பவனை ஊரார் என்ன சொல்லி அழைப்பார்கள்? அந்தப் பெயரை ஆளவந்தோர் தமக்குத் தாமே சூட்டிக் கொண்டார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தின் தேவைக்கும் வரவுக்கும் இடையே பள்ளம் விழுந்துவிட்டதென்று ரிசர்வ் பாங்கியே ஒப்புக்கொண்டு, நிறுத்திய ஐந்து ரூபாய் நோட்டை மறுபடி அச்சடித்தது. இங்கே அடித்தது போதாமல், தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளில் மாஸ்கோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஸ்லோவாக்கியாவிலும் நம் நாணயங்களை அடித்து வாங்கினார்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயம் கையில் இருந்தால் ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சிலவற்றில் மாஸ்கோ சாலையின் முத்திரை இருக்கும். உள்ளூரில் அச்சடித்த நோட்டை நிறுத்திவிட்டு, கடல் கடந்து காசு வார்த்த திட்டம் இது! 2015 மார்ச்சில் ஒரு ரூபாய் நோட்டும் திரும்பி வந்தது. வந்தது எங்கே போயிற்று என்பது வேறு கதை. கலியாண வீட்டில் மொய்யோடு சேர்க்கத்தான் அது கண்ணில் படுகிறது. காய்கறிக் கடையில் படுவதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியை நாம் புகழ்வோம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் வெள்ளி முடைப்பட்டபோது, 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டு வெளியிட்டான். இரண்டாம் போரில், 1940இல், அதையே திரும்பவும் செய்தான். 1943இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்ட காலணாவை விட்டான். நம் பாட்டிமார் ஓட்டைக் காலணா என்று கயிற்றில் கோத்து வைத்தார்களே, அதுதான். கொள்ளையடிக்க வந்தவன்கூட, காசு குறைந்தபோது காகிதத்தைக் கொடுத்தான். நம் வாக்கில் வந்தவர்களோ காசு போதாத வேளையில் காகிதத்தைப் பிடுங்கினார்கள்.

இதனால் நட்டம் யாருக்கு? நூற்றுக்கணக்கில் காசோலை எழுதுகிறவருக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் தெரியாது. கடைக்காரர் மீதிக்குப் பதில் மிட்டாயை நீட்டுகிறார். ஆனால் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து ஒரு ரூபாய்ச் சாமான் கேட்டுப் பாருங்கள், வாங்கிக் கொள்வாரா? போக வர பஸ்ஸில் ஒன்று, டீக்கடையில் ஒன்று என்று நாளுக்கு இரண்டு ரூபாய் நழுவினால், இருபத்தாறு வேலை நாளில் ஐம்பத்திரண்டு ரூபாய். எந்தச் சட்டசபையும் நிறைவேற்றாத வரி; எந்த ரசீதும் இல்லாத வரி; இல்லாதவனிடம் மட்டும் தண்டப்படும் வரி. சில்லறை முடையான காலங்களில் வட்டம் பிடித்துக் காசு விற்கும் ஒரு கூட்டமும் முளைத்தது. நூறு கொடுத்தால் நூறு கிடைக்காது.

இடையில் காசை உருக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நம் நாணயங்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, சவர பிளேடாக மாறுகின்றன என்று 2007இல் பத்திரிகைகள் எழுதின. முகமதிப்பைக் காட்டிலும் உலோகத்தின் விலை ஏறினால் இது நடக்கும் என்பது பழைய பாடம். சிறு நாணயங்களைப் பதுக்குவதும் உருக்குவதும் குற்றம் என்று 1971இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2011 நாணயச் சட்டமும் உருக்குவதைத் தடுக்கிறது. சட்டப் புத்தகம் கனமாகத்தான் இருக்கிறது. நம் சட்டைப் பைதான் கனக்கவில்லை.

இனி நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுவோம். அடுத்தவன் முதுகு அழுக்கை மட்டும் பார்க்கிறவர்கள் அல்லவே நாம். பத்து ரூபாய் நாணயம் 2009இல் மக்கள் கைக்கு வந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது, கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளது என்று யாரோ கிளப்பிய வதந்தி! குறி 2011இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்ததில் எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி அறிவித்தது. 14440 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அதையே சொல்லும் ஏற்பாடும் செய்தது. அதன் பிறகும் கீரைக்காரம்மாவிடம் நாணயத்தைத் தள்ளிவிடுகிறார்கள்; அவர் மொத்தக் கடையில் நீட்டினால் மறுக்கிறார்கள்; பாங்கிக்குப் போனால் "எண்ண ஆளில்லை" என்கிறார்கள். கூடைக்காரி மூன்று வாசலில் அவமானப்படுகிறாள். மறுக்கும் கடைக்காரர்களில் நம் தோழர்களும் உண்டென்று கேள்விப்படும்போது நாம் வெட்கப்படுகிறோம்.

இந்த லட்சணத்தில் 2018 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அடித்த நாணயங்களை வைக்கக் கிடங்கில் இடமில்லை என்று நாணயச் சாலைகளில் வேலையை நிறுத்தினார்கள். கிடங்கிலே இடமில்லை, தெருவிலே காசில்லை! மும்பை, கல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அடிக்கப்படும் காசு, சாலையிலிருந்து ரிசர்வ் பாங்கிக்கும், அங்கிருந்து பாங்கிக் கிளைக்கும் வந்து தூங்குகிறது. கிளையிலிருந்து கண்டக்டரின் தோல் பைக்கும் கீரைக் கூடைக்கும் வரும் கடைசி மைல்தான் அடைபட்டுக் கிடக்கிறது. (சென்னையிலும் தங்கசாலை என்று ஒரு தெரு உண்டு. சாலை 1869இலேயே மூடப்பட்டது. பெயர் மட்டும் மிச்சம்.)

அடைப்பை நீக்க 2023இல் ஒரு வழி கண்டார்கள். பன்னிரண்டு நகரங்களில் சோதனையாக ஓர் இயந்திரம்: போனால் படம் பிடித்தால் பாங்கிக் கணக்கில் பணம் கழியும், காசு கொட்டும். நல்ல கருவிதான். ஆனால் அப்படிப்பட்ட போனும் கணக்கில் பணமும் உள்ளவருக்குச் சில்லறை எதற்கு? போனிலேயே கொடுத்துவிட்டுப் போவாரே! சில்லறை வேண்டியவர், கிழிந்த நோட்டோடு வரிசையில் நிற்கிறவர்.

இப்போது பத்து, இருபது ரூபாய் நோட்டுகளுக்கும் பதில் நாணயமே போதும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. இந்த இரண்டிலும் மக்கள் நோட்டையே விரும்புகிறார்கள் என்று ரிசர்வ் பாங்கி 2022இல் நடத்திய ஆய்வே காட்டியதாக, 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் டில்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. மக்களின் மனம் தெரிந்திருக்கிறதல்லவா? அப்படியானால் 1995இன் தவறைத் திரும்பச் செய்யாதீர் என்கிறோம். நாணயம் வரட்டும், நோட்டும் இருக்கட்டும். நாணயம் கைக்குக் கைக்கு நிறைந்தபின், நோட்டு தானாகக் குறையட்டும். ஒவ்வொரு பஸ் டிப்போவுக்கும் நாள்தோறும் ஒரு பங்கு சில்லறை பாங்கியிலிருந்து போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். நாணயத்தை நூறு நூறாகப் பையிலிட்டு எடை போட்டு வாங்கலாம் என்று ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கும்போது, எண்ண ஆளில்லை என்று எந்தக் கிளையும் சொல்லக் கூடாது.

தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் நாளைக் காலையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காதீர்கள். வாங்குகிறோம் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். உங்கள் ஊர்ப் பாங்கிக் கிளை வாங்க மறுத்தால், இரண்டு பேராகச் சேர்ந்து போய் மேலாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். பஸ்ஸில் ஏறும்போது, கண்டக்டரும் இரவு பத்து மணிக்கு டிப்போவில் உட்கார்ந்து காசு எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர், குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டியவர் என்பதை நினைத்துக்கொண்டு ஏறுங்கள்.