பவளத்தை ஒளிக்குப் பழக்குங்கள்!

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ''கடல்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்க்கிறேன். பழைய ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டேன். ஒரே வாரத்தில் பவளம் வெளுத்துவிட்டது. விளக்கு சரியில்லையா?''

விளக்கில் குறையில்லை, அவசரத்தில்தான் குறை. உங்கள் ஊர் காபித் தோட்டத்தையே பாருங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் உச்சி வெயிலில் நட்டால் இலை கருகிவிடும், இல்லையா? பவளமும் அப்படித்தான். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரிக்கின்றன. திடீரென ஒளி கூடினால், பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும்.

வெளுத்துவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உடனே வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறையுங்கள். பவளம் மறுபடி விரிந்து, நிறம் திரும்பிய பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். நீல ஒளி அதிகமாகவும் வெள்ளை ஒளி குறைவாகவும் இருக்கட்டும். தினமும் 8 மணி நேரம் போதும், டைமர் வைத்துவிடுங்கள். மலைக்குளிரில் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: ''மன்னார் வளைகுடா சரக்கு'' என்று யாராவது கல் பவளம் கொடுத்தால் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலிக்கு நிகரான பாதுகாப்பு அதற்கு உண்டு. கடலில் இருந்து அதை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

விளக்கை நீங்கள் குறைக்கலாம். அது வளர்ந்த கடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே!