ராட்டினம் நினைவிருக்கிறது, பெயர் இல்லை

சேலம், நாமக்கல் பக்கத்து முதலாளிகள் டி.வி. விளம்பரம் எடுக்க வந்தால், இப்போதெல்லாம் முதலில் கேட்பது 'த்ரில்'தான். எண்ணெய் ஆனாலும் ஜவுளி ஆனாலும் வீட்டுமனை ஆனாலும் ஒரு குடும்பம் ரோலர் கோஸ்டரில் கையைத் தூக்கி அலற வேண்டும். கடைசியில் பொருள் வந்து நிற்க வேண்டும். மொத்தம் இருபது விநாடி. ஏதாவது ஒரு வெளிநாட்டு விளம்பரத்தைக் கைபேசியில் காட்டி, "இது மாதிரியே பண்ணிக் குடுங்க" என்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால், இப்படிச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி வீணாகப் போகிறது. இந்தத் தொழிலில் இருப்பவன் அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சமையல் எண்ணெய்க்கு எடுத்த அப்படியொரு விளம்பரத்தை, ஒளிபரப்புக்கு முன்பு சேலத்தில் சில குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினோம். நடுவில் வேறு நான்கைந்து விளம்பரங்களையும் கலந்திருந்தோம். முடிந்ததும் ஒரு பெரியம்மாவிடம், "எது மனசுல நிக்குதுங்கம்மா?" என்று கேட்டேன். "ராட்டினத்துல போறாங்களே, அதுதான் கண்ணு. அந்தப் பொண்ணு கண்ண மூடிக்கறா பாரு, எனக்கே அடிவயிறு கலங்கிருச்சு." எதற்கான விளம்பரம்? "எண்ணெய்க்குத்தானே?" எந்த எண்ணெய்? கொஞ்சம் யோசித்துவிட்டு, சந்தையில் முதலிடத்தில் இருக்கும் போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். பணம் போட்டது ஒருவர், பலன் போனது இன்னொருவருக்கு.

விளம்பர உலகத்துக்கு இது பழைய நோய். 'வாம்பயர் எஃபெக்ட்' என்பார்கள். கவர்ச்சியாக வைத்த ஒன்று, விற்க வந்த பொருளின் ரத்தத்தை உறிஞ்சிவிடும். நடிகரும் குழந்தையும் நாய்க்குட்டியும்கூட இதைச் செய்வார்கள். ரோலர் கோஸ்டர் அவர்களைவிட மோசம். வண்டி மேலே ஏறும்போதே பார்ப்பவரின் மூச்சு அடங்கிவிடுகிறது. உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அந்த இடத்தில்தான் கவனம் முழுவதும் குவிகிறது. சரிந்து விழுந்ததும் மூச்சை விடுகிறார், கவனமும் கலைந்துவிடுகிறது. நம்மவர்கள் பெயர்ப்பலகையைக் கொண்டுவருவது சரியாக அப்போதுதான்.

அப்படியானால் ரோலர் கோஸ்டரைத் தொடவே கூடாதா? தொடலாம். ஜூரிக் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்ற சுவிட்சர்லாந்து இசைக்குழுவின் விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். அதில் கேமரா ஓடுவது இரும்புத் தண்டவாளத்தில் அல்ல, இசைக்குறிப்பு எழுதும் ஐந்து கோடுகளின் மேல். ஃபெர்டினாண்ட் ரீஸின் சிம்பொனி ஒலிக்கிறது. சுரம் மேலே போனால் பாதை ஏறுகிறது, கீழே வந்தால் சரிகிறது, வயலின்கள் வேகம் பிடித்தால் நம் இருக்கையும் வேகம் பிடிக்கிறது. மனிதர்கள் இல்லை, வசனம் இல்லை. அந்த த்ரில் இசைக்குள்ளேயே இருக்கிறது. இசைக்குழுவை எடுத்துவிட்டால் அங்கே ரோலர் கோஸ்டரே கிடையாது. என் அளவில், இந்த வகையில் இதைவிடச் சிறந்த விளம்பரம் வந்ததில்லை.

பிரிட்டனின் பார்க்ளேகார்டு 2010-இல் எடுத்த விளம்பரம் இன்னும் செலவு பிடித்தது. வேலைக்குப் போகும் ஒருவர், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ரோலர் கோஸ்டரில் பறந்து அலுவலகம் சேர்கிறார். வழியில் அட்டையைத் தொட்டுக்காட்டிப் பணம் கட்டுகிறார். அட்டையைச் செருகாமல், ரகசிய எண் அழுத்தாமல் நொடியில் பணம் செலுத்தலாம் என்பதுதான் சேதி. 2008-இல் இதே நிறுவனம் நீர்ச்சறுக்கில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய விளம்பரத்தின் தொடர்ச்சி இது. தடையில்லாத ஓட்டம் என்ற ஒரே எண்ணத்தை இரண்டு முறை சொன்னதால் அந்தச் செலவுக்கு நியாயம் இருந்தது. ஒரே முறை காட்டிவிட்டு அடுத்த மாதம் வேறு கதைக்குத் தாவும் நம் ஊர்ப் பழக்கத்தில் அது எடுபடாது.

விளம்பரத்தைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: பொருளை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதா? நின்றால் அந்த விளம்பரம் தோல்வி. ஃபெவிகால் விளம்பரத்தில் தாபா சமையல்காரர் ஒரு முட்டையை உடைக்கப் படாத பாடு படுவார். என்ன செய்தாலும் உடையாது. பார்த்தால், கோழி இரை பொறுக்குவது ஃபெவிகால் டப்பாவில். 2025-இல் மறைந்த பியூஷ் பாண்டே இருந்த ஓகில்வி நிறுவனம் எடுத்தது. ஒரு சமையல்காரர், ஒரு முட்டை, ஒரு கோழி, அவ்வளவுதான் செலவு. ஃபெவிகாலை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. முட்டை ஊரான நாமக்கல்லுக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை இது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

இன்னொன்றையும் நம் முதலாளிகள் கவனிக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்து எடுக்கிறார். அங்கே நிறமும் எழுத்தும் அடையாளம் தெரிந்தால் போதும். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ மளிகைக் கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்று, வாயால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் வாயில் வராவிட்டால், "ஏதாவது நல்லதா குடுங்கண்ணா" என்பார். கடைக்காரர் தனக்கு லாபம் அதிகம் உள்ளதை எடுத்து நீட்டுவார். இங்கே விற்கும் பொருளுக்குக் காதில் விழும் பெயர்தான் முதல் தேவை. நிர்மாவின் மெட்டு 1975-இலிருந்து இந்தியாவின் காதில் இருப்பது எத்தனையோ பிரம்மாண்டங்கள் தராத சொத்து.

ரோலர் கோஸ்டரையே தொழிலாகக் கொண்டவர்கள்கூடப் பெயருக்காகத்தான் உழைத்தார்கள். ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்டு நிறுவனர் கொச்சௌசெப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் பூங்கா தொடங்கியபோது அதற்கு வீகாலேண்ட் என்று பெயர். ஏற்கெனவே வீட்டுக்கு வீடு நம்பிக்கை பெற்ற இரண்டெழுத்தை அதில் பொதித்து வைத்தார்கள். பின்னர் பெங்களூரில் வண்டர்லா வந்தது. கொச்சிப் பூங்காவும் அந்தப் பெயருக்கே மாறியது. சென்னை வி.ஜி.பி. தங்கக் கடற்கரையில் எத்தனையோ ராட்டினங்கள் சுழன்றன. போய்வந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதோ, யார் என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரைப் பற்றி. அசையாத ஒருவர் அந்தப் பூங்காவின் முகமாக இருந்தார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், நம் சமவெளியில் விளையும் முக்கியமான பொருள்களுக்குப் பெயரே இல்லை என்ற ஆதங்கம். 1982-இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, ஞாயிறு, திங்கள் என்று நாள் பார்க்காமல் முட்டை சாப்பிடச் சொல்லி இந்தியில் போட்ட மெட்டு நாடு முழுக்கப் பரவியது. முட்டை என்ற பொருளுக்கே விளம்பரம் செய்தது அன்றைக்குச் சரியான முடிவு. ஆனால், முப்பது முட்டை அடுக்கிய அட்டை பண்ணையை விட்டு வெளியேறும்போது அதில் நாமக்கல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு போவதில்லை. விலை மட்டும் தினமும் நாமக்கல் பெயரில் செய்தியாகிறது.

ஜவ்வரிசி நிலைமை இன்னும் வருத்தம் தருவது. விரத நாளில் மகாராஷ்டிரக் குடும்பங்கள் கிச்சடி செய்யும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், ஆத்தூர், ராசிபுரம் சேகோ மில்களில் நம் குச்சிக்கிழங்கிலிருந்து வந்தது. சாப்பிடுகிறவருக்கு அது தெரியாது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சட்டப்படி பெயர் நமதாகிவிட்டது. அதை நாக்கில் ஏற்றும் வேலை மட்டும் பாக்கி.

த்ரில் வேண்டும் என்பவர்களுக்கு வெளிநாட்டு கிராஃபிக்ஸ் எதற்கு? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய வண்டி, நாமக்கல் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கேமரா முட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அட்டைகள் சரிகின்றன, நிமிர்கின்றன; பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும், அதற்குக் காரணம் முட்டைதான். உச்சிக்கு முந்தைய வளைவில் வண்டி ஒரு கணம் தயங்கும்போது நாமக்கல் என்ற பெயர் காதில் விழட்டும்.

ஒரு பண்ணையாளர் தனியாக இதைச் செய்ய முடியாது. முட்டைக்கு ஊர் கூடிப் பணம் போட்ட அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அதையே ஊர்ப் பெயருக்கும் செய்யலாம். சேகோசர்வ் அடுத்த நவராத்திரிக்கு முன் மராத்தியிலும் இந்தியிலும் இருபது விநாடி விளம்பரம் ஒன்று எடுக்கட்டும். சில்லறை பாக்கெட்டின் முகப்பில் சேலம் என்ற சொல்லைத் தேவநாகரியில் பெரிதாக அச்சிடட்டும். மூன்று ஆண்டுகளுக்கு அந்த மெட்டையும் அந்த நிறத்தையும் மாற்றாமல் வைத்திருக்கட்டும்.

(கட்டுரையாளர், சேலத்தைச் சேர்ந்த விளம்பரத் துறை ஆலோசகர்)