மட்டை வீச்சுக்குக் கால்களே அடிப்படை

சாப்ட்பால் ஆட்டம் 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஓர் உள்ளரங்கில் தோன்றியது. இன்று அது நம் நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடப்பெற்று வருகிறது. எனினும், மட்டை வீசக் கற்பிக்கும் முறையில் ஒரு குறை நீடிக்கிறது. மாணவி அடித்த பந்து தொலைவு செல்லாவிடில், "கையில் வலுவில்லை" என்று கூறிவிடுகிறோம். மெலிந்த உடலுடைய பிள்ளைகள் இக்காரணத்தாலேயே குழுவினின்று ஒதுக்கப்படுவதும் உண்டு. இஃது அறிவியலுக்குப் பொருந்தாத முடிவு என்பதே எம் கருத்து.

மகளிர் ஆட்டத்தில் பந்தெறியும் இடத்திற்கும் அடிப்பவர் நிற்கும் தளத்திற்கும் இடையே உள்ள தொலைவு 43 அடி. அதாவது ஏறத்தாழ 13.1 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இத்தொலைவைக் கடக்க அரை வினாடிகூட ஆவதில்லை. இக்குறுகிய நேரத்தில் மட்டைக்கு வேண்டிய வேகத்தைக் கைத்தசைகள் மட்டும் அளித்தல் இயலாது. உடலின் பெருந்தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் அமைந்துள்ளன. கால் தரையை உந்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரையும் காலை எதிர்த்து உந்துகிறது. அவ்விசையே இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பைத் தொடர்ந்து மார்பும், பின்னர்த் தோளும் கையும், இறுதியில் மட்டையும் சுழல்கின்றன. இவ்வரிசை குலைந்தால், கால்களில் பிறந்த ஆற்றல் மட்டையை எட்டாமல் வீணாகிறது.

வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்காலே முன்கால். முதலில் உடலின் எடை பின்காலில் சற்றே தங்குதல் வேண்டும். முன்கால் சிறு அடி வைத்து ஊன்றியதும் இடுப்பு திரும்பத் தொடங்கும். தோள்கள் ஒரு கணம் பின்தங்கி நிற்றல் வேண்டும். ஊன்றிய காலின் முழங்கால் நிமிர்ந்து உறுதியாகத் தாங்கினால், முன்னோக்கிய இயக்கம் சுழற்சியாக மாறும். அது தளர்ந்து மடங்கினால் உடல் முழுவதும் முன்னே சாய்ந்துவிடும். பின்பாதத்தைப் பூச்சியை நசுக்குவதுபோல் திருகச் சொல்லும் வழக்கமும் உண்டு. பாதம் திரும்புவது இடுப்பு திரும்புவதன் விளைவேயன்றிக் காரணமன்று. பாதத்தை மட்டும் திருகும் பிள்ளை தன் எடையைப் பின்னாலேயே விட்டுவிடுகிறது.

கைவலிமை வேண்டாவோ எனின், வேண்டும். மட்டையை உறுதியாகப் பற்றவும் பந்தை நோக்கிச் செலுத்தவும் அது தேவை. ஆனால் பயிற்சியின் தொடக்கம் அதுவன்று. மட்டையின்றியே தொடங்கலாம். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, அடி வைத்து, ஊன்றி, இடுப்பைத் திருப்பச் செய்யலாம். முடிவில் வயிறு பந்தெறிபவரை நோக்குகிறதா, முன்கால் உறுதியாக நிற்கிறதா என்று ஆசிரியர் கவனித்தல் வேண்டும். முன்பாதத்தின் விரல்கள் பந்தெறிபவர் பக்கம் சற்றே திரும்பியிருந்தால் முழங்காலுக்கு முறுக்கம் குறையும். ஒரே மட்டை உள்ள பள்ளியிலும் வகுப்பு முழுவதும் ஒருங்கே இதனைப் பழகலாம். மட்டை கொடுத்த பின்னர், வீச்சுக்கு எட்டாத இடைவெளியில் பிள்ளைகளை நிறுத்துதல் இன்றியமையாதது.

ஒரு பிள்ளையை வலுவற்றவள் என்று ஒதுக்குமுன், உடற்பயிற்சி ஆசிரியர்கள் அவள் கைகளை விட்டு, கால்களை ஒருமுறை உற்று நோக்குவார்களாக.