சேர்த்த புள்ளிகளும் சாயும் ஆசனமும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது இந்நாளில் அரிது. அங்கே பேரப்பிள்ளை பிறந்தால் இங்கே தாயார் பெட்டி கட்ட வேண்டியதுதான். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்ச வேறு யார் இருக்கிறார்கள்? கடனட்டையால் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு, “இம்முறை அம்மாவை பிஸ்னஸ் கிளாஸில் அழைப்போம்” என்று மகன் எண்ணுகிறான். எண்ணம் நல்லதே. ஆயினும், எந்த விமானத்தின் பிஸ்னஸ் கிளாஸ் என்று விசாரிப்பவர் சிலரே.

புள்ளி என்பது தானம் அன்று. 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கம்பெனி, பிரயாணிகள் பறந்த மைல்களைக் கணக்கிட்டுப் பரிசளிக்கத் தொடங்கியது. பின்னர் வங்கிகளும் அம்மைல்களை விமானக் கம்பெனிகளிடம் விலைக்கு வாங்கித் தம் கடனட்டைக்காரருக்கு வழங்கலாயின. அவ்விலை சுற்றிச் சுழன்று நம்மிடமிருந்தே போகின்றது. ஆகவே புள்ளியையும் பணமாகவே கருதிச் செலவிடல் வேண்டும்.

பிஸ்னஸ் கிளாஸ் என்பது ஒரு பெயர் மாத்திரமே. அப்பெயருக்குள் அடங்கும் ஆசனங்களோ பலவகை. ஸ்ரீலங்கன் விமான சேவையின் எயார்பஸ் 330-300 விமானத்தில் இவ்வகுப்புக்கு 28 ஆசனங்கள் உண்டு. வரிசைக்கு நான்கு, ஒவ்வொன்றும் கட்டில் போல் முற்றாகச் சாயும், எவரையும் தாண்டாமல் நடைவழிக்கு இறங்கலாம். 330-200 என்பது வேறு வகை. இரண்டினதும் ஆசன அமைப்பு ஒன்றன்று. எமிரேட்ஸ் கம்பெனியின் போயிங் 777 விமானங்கள் பலவற்றில் வரிசைக்கு ஏழு ஆசனங்கள் இருந்து வந்தன; நடுவில் அகப்பட்டவர் எழுந்து செல்லப் பக்கத்திலிருப்பவரின் தயவு வேண்டும். 2024 முதல் இவற்றை நான்காக மாற்றி வருகிறார்கள். அக்கம்பெனியின் எயார்பஸ் 380இல் இந்தத் தொல்லை இல்லை. கட்டார் கம்பெனி 2017இல் அறிமுகப்படுத்திய ‘கியூசூட்’ ஆசனத்துக்கோ இழுத்துச் சாத்தும் கதவே உண்டு! நடுவிலுள்ள நான்கு ஆசனங்களை ஒன்றாக்கிக் குடும்பமாக இருந்து உண்ணலாம். ஆனால் அது கட்டாரின் எல்லா விமானங்களிலும் இல்லை.

ஸ்ரீலங்கன் 2014இல் ‘ஒன்வேர்ல்ட்’ என்னும் கூட்டில் சேர்ந்தது. கட்டாரும் அதில் அங்கம். எனவே, ஸ்ரீலங்கனில் சேர்த்த மைல்களைக் கொண்டு கட்டாரிலும் ஆசனம் கேட்கலாம். எமிரேட்ஸ் இக்கூட்டில் இல்லை.

அவ்வாறாயின், இலண்டன் செல்லும் தாயாருக்குக் கதவுள்ள கியூசூட்டையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எம் அபிப்பிராயம் வேறு. கட்டுநாயக்காவிலிருந்து டோகாவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கிருந்து இலண்டனுக்கு ஏழு மணி நேரம். சாப்பாடு முடிந்து கண்ணயர்வதற்குள் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். பின்பு முன்பின் அறியாத நிலையத்தில், வீங்கிய காலோடு அடுத்த வாயிலைத் தேட வேண்டும். ஸ்ரீலங்கனின் நேர் விமானமோ ஏறக்குறைய பதினொரு மணி நேரம் இடையில் எங்கும் இறங்காது. அறுபது, எழுபது வயதில் கதவைவிட உறக்கமே பெரிது. 2017 முதல் கொழும்பிலிருந்து நேரே பறக்கும் மெல்பேண் விமானத்துக்கும் இதுவே பொருந்தும். றொறன்ரோவுக்கு நேர் விமானம் இல்லை. டுபாயிலிருந்து அங்கு செல்ல ஏறக்குறைய பதினான்கு மணி நேரமாகும். ஆகவே அந்த இரண்டாம் கட்டத்தில் எந்த ஆசனம் கிடைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து புறப்படும் குறுகிய கட்டம் எப்படியிருந்தாலும் பெரிய குறையில்லை.

சாயும் ஆசனம் கிடைத்தாலும், படுத்தே கிடத்தல் ஆகாது. நெடுநேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. இடையிடையே எழுந்து நடக்க வேண்டும்.

புள்ளியால் எடுத்த சீட்டுக்கும் வரியும் மேலதிகக் கட்டணமும் பணமாகவே செலுத்த வேண்டும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பிரயாணிக்கு அந்நாட்டு அரசாங்கம் விதிக்கும் வரி, உயர் வகுப்புக்குக் கூடுதலாகும். ஆகையால், பல திட்டங்களில் ஒரு வழிக்கு மாத்திரம் புள்ளிச் சீட்டு எடுக்கலாம் என்பதை மாணவரான பிள்ளைகள் கவனித்து, கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. போகும்போது படுத்துச் சென்று, வரும்போது சாதாரண வகுப்பில் வரலாம்.

“எனக்கேன் ராசா இவ்வளவு செலவு?” என்று தாயார் மறுக்கக்கூடும். வரித்தொகையை அவருக்குச் சொல்லாதிருப்பது மகனின் சாமர்த்தியம். அவர் பிடிவாதமாகச் சாதாரண வகுப்பிலேயே சென்றாலும், சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதற்கு வகுப்பு வித்தியாசமும் இல்லை, கட்டணமும் இல்லை.