நந்தனின் முடிவை எழுதும் உரிமை யாருக்கு?

ஏப்ரல் 14 நெருங்கும்போது இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள குடியிருப்புகளில், மாலைநேரப் பயிற்சி மையங்களின் பிள்ளைகள் நாடகம் பழகுவது வழக்கம். எடுத்துக்கொள்ளப்படும் கதைகள் பெரும்பாலும் சிறுவயதில் நமக்குச் சொல்லப்பட்டவையே: ஏகலைவன், நந்தன். கேட்டவுடன் கட்டைவிரலை வெட்டித் தருபவனையும், தீக்குள் இறங்கிப் பூணூலோடு எழுந்துவருபவனையும் அப்படியே மேடையேற்ற எவருக்கும் மனம் வருவதில்லை. எனவே குழுவாக அமர்ந்து கதையை மாற்றுகிறார்கள். மாற்றலாமா என்பது முதற்கேள்வி. மாற்றப்பட்ட கதை யாருடையது என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதில்தான் நம் பிள்ளைகள் ஏமாற்றப்படுகிறார்கள்.

நந்தன் கதை ஒருபோதும் ஒரே கதையாக இருந்ததில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரளவில்தான் குறிப்பிடுகிறார். ஆதனூர்ச் சேரி, பேரிகைக்குத் தோல் தரும் தொழில், தில்லைத் தீ என்று விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். பண்ணை வேதியர் அவரிடமும் இல்லை. அந்த ஆண்டையையும் அவரது நாற்பது வேலி நிலத்தையும் கொண்டுவந்தவர், 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார் என்பதை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்திலோ, அத்தீ ஆதிக்கச் சாதியாரின் சூழ்ச்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், அந்தத் தீயைத் திருவருள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எப்படி முடியும்?

ஆக, மாற்றுவது மரபு மீறலன்று. இக்கதைக்கு அதுவே மரபு. சட்டத்தடைதான் நெடுநாள் நீடித்தது. எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகம் பெரும் சர்ச்சைக்குள்ளாகியிருந்த 1954இல் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்டி இசைவு பெறும் நிலையை உருவாக்கியது. பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில், அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! இன்றும் எந்தக் காவல் நிலையமாவது பிரதியைக் கேட்டால், இத்தீர்ப்பின் நகலை நீட்டுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தில்லைத் தீயைப் பற்றிப் பேசும் வசனம் வேறாகத்தான் இருக்கும். நாடகத்தின் உயிர் அந்த வசனத்தில்தான் உள்ளது. சுவரொட்டியிலோ இயக்குநரின் பெயரும் நிதியளித்த தொண்டு நிறுவனத்தின் பெயருமே இடம்பெறும். பிள்ளைகள் ‘மற்றும் குழுவினர்’ ஆகிவிடுவார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை நினைவுகூருங்கள். 2021இல் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. யாருடைய பங்கு எவ்வளவு என்பது பிறகு சமூக ஊடக அறிக்கைகளில் விவாதிக்கப்பட்டது. நாடறிந்த கலைஞருக்கே இந்நிலை என்றால், எர்ணாவூரில் பறையடிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. சேக்கிழாரையும் பாரதியாரையும் எவரிடமும் கேட்காமல் எடுத்தாளலாம். இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்தைத் தழுவ வேண்டுமானால் அனுமதி தேவை. பிரித்தறிய இயலாதவாறு பலர் சேர்ந்து எழுதியது பிரிவு 2(z) இன்படி கூட்டுப்படைப்பு. எழுதியோர் அனைவரும் ஆசிரியர்களே. பயிற்சி மையத்துப் பிள்ளைகள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர் என்பதால், அவர்கள் எழுதியது தானாகவே நிறுவனத்தின் உடைமை ஆகிவிடாது. உரிமையை மாற்றித்தர எழுத்துப்பூர்வமான, கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அதில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். சிறார் இட்ட கையொப்பத்தால் ஒப்பந்தமே உருவாகாது என்பது 1903இன் மோகரி பீபி வழக்கு முதல் நிலைபெற்ற சட்டம். எனவே நிறுவனங்கள் பிள்ளைகளிடம் வாங்கிவைக்கும் ‘ஒப்புதல் படிவங்கள்’ வெறும் தாள்கள். மேடையில் நடிப்பவருக்கும் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைப் பிரிவு 38B தருகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை. எழுதப்பட்ட வடிவத்தையே காக்கிறது. நந்தன் தீக்குள் இறங்க மறுக்க வேண்டும் என்பது எண்ணம். மறுத்துவிட்டு அவன் பேசும் சொற்கள் படைப்பு. அச்சொற்கள் ஒத்திகையில் வாய்மொழியாகவே பிறப்பதால் காற்றோடு போய்விடுகின்றன. பிறகு அவற்றை யார் தட்டச்சு செய்கிறாரோ அவரே ஆசிரியராகிவிடுகிறார். ஆகவே ஒத்திகைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: தேதி, வசனம், அதைச் சொன்னவர் பெயர். சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன் அந்தப் பெயர்களைப் பிள்ளைகளே சரிபார்க்கட்டும்.