ஏலக்காய் ஸ்டோருக்கு ஏபிசி மட்டும் போதுமா?

சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு, தீயணைப்புக் கருவி விற்கும் நம்மில் பலர் எழுதித் தரும் பட்டியல் ஒன்றுதான்: ஆறு கிலோ ஏபிசி பவுடர், இரண்டு. எல்லாத் தீக்கும் ஆகும் என்று சொல்லிவிட்டால் விற்பவருக்கும் வேலை முடிந்தது, வாங்குபவருக்கும் நிம்மதி. ஸ்டோருக்குள் என்ன எரியும் என்று யாரும் கேட்பதில்லை.

பச்சைக் காயில் எண்பது விழுக்காடு ஈரம். அதைப் பத்து விழுக்காட்டுக்குக் கொண்டுவர, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க 45 முதல் 55 டிகிரி வரை சூடு விடாமல் இருக்க வேண்டும். விறகு அடுப்பு, அறைக்குள் ஓடும் புகைக்குழாய், அவற்றுக்கு மேலே தட்டுத்தட்டாய்க் காய், பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கு, சாக்கு மூட்டைகள். இதில் பெரும்பகுதி இந்தியத் தரநிலை ஐஎஸ் 2190 சொல்லும் ஏ வகுப்புத் தீதான். அதிலும் கனன்று எரியும் தீ.

ஏபிசி பவுடரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சுவாலையை நொடியில் அடக்கும். உருகி மேற்பரப்பில் படலமாகவும் படியும். ஆனால் விறகு அடுக்கின் நடுவிலும் சாக்கின் அடியிலும் கிடக்கும் கனலை அது குளிர்விக்காது. அணைந்தது என்று நம்பித் திரும்பியபின் மறுபடி பற்றும். ஆறு கிலோ சிலிண்டரோ அரை நிமிடத்துக்குள் காலி. இந்த இடத்துக்கு வேண்டியது ஒன்பது லிட்டர் தண்ணீர் வகை, கூடவே தொட்டியிலிருந்து ஒரு குழாய். அடுப்பின் சிவந்த இரும்பின் மேல் மட்டும் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது; நீராவி முகத்தில் அடிக்கும்.

அடுத்தது சரக்கு. தண்ணீர் பட்ட காய்க்குத் தரமும் விலையும் குறையும். பவுடர் படிந்த காயையோ உணவுப் பொருளாக விற்கவே கூடாது. புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குப் போக வேண்டிய சரக்கைக் காப்பாற்றத்தானே கருவி வாங்குகிறார்கள்? தீ ஒரு மூலையில் நிற்கும்போதே அறை முழுக்கப் பவுடர் அடித்தால், மீதி தட்டுகளையும் நாமே கெடுத்தவர்கள் ஆவோம்.

மின்பலகைக்கும் ஊதுவிசிறி மோட்டாருக்கும் கார்பன் டை ஆக்சைடு. பவுடரும் மின்சாரத்தைக் கடத்தாது, உண்மை. ஆனால் இந்த மலையின் ஈரக்காற்றில் அதன் எச்சம் செம்பையும் இரும்பையும் அரித்துவிடும். தீயில் பிழைத்த பலகை மழைக்காலத்தில் போகும். கார்பன் டை ஆக்சைடும் காற்றோட்டமான வெளியில் பயன்படாது, அடைத்த சிறு அறையில் மூச்சை முட்டும். அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே சி என்றால் மின்சாரத் தீ, நம் தரநிலையில் வாயுத் தீ.

பவுடருக்கும் இடம் உண்டு. ஜெனரேட்டர், டீசல் கேன், மருந்தடிக்கும் இயந்திரத்தின் பெட்ரோல், கேஸ் அடுப்பு ஆகியவற்றுக்கு அதைவிடக் கைக்கு உதவுவது இல்லை. கேஸில் மட்டும் முதலில் வால்வு. கசிவை நிறுத்தாமல் சுவாலையை மட்டும் அணைத்தால் வெடிப்புக்கு வழி. மருந்துக் கிடங்கு தனிக்கதை. திரவ மருந்துகள் பலவற்றில் எரியக்கூடிய கரைப்பான் கலந்திருக்கிறது. அங்கே தண்ணீரைக் கொட்டினால் தீயும் பரவும், நஞ்சும் ஓடையில் இறங்கும். பவுடரோ நுரையோ கதவுக்கு வெளியே மாட்டியிருக்க வேண்டும்.

கட்டப்பனையிலிருந்தோ நெடுங்கண்டத்திலிருந்தோ தீயணைப்பு வண்டி வளைவுகளைத் தாண்டி வந்து சேரும்வரை ஸ்டோரில் இருப்பது இரவில் அடுப்புப் பார்க்கும் ஆள் மட்டுமே. பெரும்பாலும் தேனிப் பக்கத்துத் தமிழர், இல்லையென்றால் வடக்கே இருந்து வந்தவர். சிலிண்டரின் ஆங்கில எழுத்து அவருக்கு எதற்கு? அவருக்குப் புரியும் மொழியில் ஒரு ஒட்டுத்தாள், எந்தச் சிலிண்டர் எந்த மூலைக்கு என்று ஒரு படம் போதும்.

அளவுமானி இல்லாத கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்; மலையேறிப் போகும் நம் பணியாளர்களில் எத்தனை பேர் தராசு எடுத்துப் போகிறார்கள்? மறு நிரப்புதலுக்கு நேரம் வந்த பவுடர் சிலிண்டரைப் பட்டறையில் காலி செய்வதற்குப் பதில், அறுவடை தொடங்குமுன் ஸ்டோர் முற்றத்திலேயே ஒரு தகரத் தட்டில் சிறு தீ மூட்டி, அடுப்புக்காரர் கையாலேயே அடிக்கச் சொல்லலாம். நிரப்புக் கட்டணத்தில் ஒரு காசுகூட ஏறாது.