ஆட்டமும் ஜீவனமும்

தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சிற்றூர்களில் சடுகுடு ஆடி வளர்ந்த மாணாக்கன், அவ்வாட்டத்தையே ஜீவனமாகக் கொள்ளலாமோ? கொள்ளலாம் என்பதே எம் கருத்து. ஆயினும் கல்வியைக் கைவிடலாகாது.

2022-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிகழ்ந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் பந்தயத்தில் முதலிரு இடம் பெற்ற கபடி அணிகளின் 24 வாலிபர், அவ்வாண்டுப் புரோ கபடி ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அதே ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணியார் பவன் செராவத் என்னும் வீரரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தனர். அவரோ முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அப்பருவம் முழுதும் ஆடாதொழிந்தார். பெரும்புகழ் வீரர்க்கே இங்ஙனமாயின், பட்டியலில் பெயர் மட்டும் ஏறிய மாணாக்கன் யாது செய்வான்? குற்றாலச் சாரலைப்போல் உடல்வன்மையும் சிலகாலமே நிற்பது.

ஆதலின், வீரர்காள், ஏலத்திற்குச் செல்லுமின், படிப்பையும் முடிமின். பந்தயத்தால் தவறிய பரீட்சையை அவர்கள் மீண்டும் எழுத இடமளித்தல் கல்லூரியார் கடனாம்.